தவமணிக்கு வராத கடிதம்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தை ஒட்டிய மீன் பக்டரியில் காலை ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. மணி அடித்ததும் பெண்கள் ரப்பர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, நாற்றம் போகிறதோ இல்லையோ சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, கன்ரீன் கதிரைகளில் வந்து விழுவார்கள். டேனிஷ்காரிகள் ஒரு மேசை, தாய்லாந்துக்காரிகள் ஒரு மேசை, தமிழ்ப் பெண்கள் யன்னலோர மேசை. யாரும் பிரித்து வைக்கவில்லை. தானாகவே அப்படிப் பிரிந்துபோனது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசி மாதம் ஒருநாள், விக்ரோரியா தன் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"இஞ்சை பாருங்கோடி. கவுண்மேந்து என்ரை நெஞ்சைப் பார்க்கவேணுமாம். புதன்கிழமை பத்தேகாலுக்கு வரட்டாம்."

"உன்ரை மனுசனே பார்க்கிறதை விட்டுப் பத்து வருசமாச்சு. கவுண்மேந்துக்கு வந்த ஆசையைப் பார்!" என்றாள் மேசைக் கடைசியில் இருந்த ஒருத்தி. மேசை குலுங்கியது.

அடுத்த மேசையில் இருந்த லிஸ் என்ற டேனிஷ்காரி கடிதத்தைக் கண்டுவிட்டு எழுந்து வந்தாள். தனக்கும் வந்ததாம், போன கிழமைதான் போய்விட்டு வந்தாளாம். ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரையுள்ள எல்லாப் பெண்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் வரும். நாடு முழுக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமத்திப் படம் எடுப்பார்கள். நோகும், ஆனால் பல்லுப் பிடுங்குவதைவிடக் குறைவு. கையில் தட்டுப்படுவதற்கு முன்னமே கான்சரைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. காசு கிடையாது. இவ்வளவையும் மெதுவான டேனிஷில் இரண்டு தரம் சொல்லிவிட்டு அவள் தன் கோப்பிக்குத் திரும்பிப் போனாள்.

தவமணி கடிதத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"எனக்கு ஏன் வரேல்லையக்கா?"

"உனக்கு நாப்பத்தாறுதானேடி? சின்னப் பெட்டை. பொறு, வரும்" என்றாள் விக்ரோரியா.

தவமணி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். விக்ரோரியாவுக்கு ஐம்பத்தொன்று. தவமணிக்கு ஐம்பத்துமூன்று. தன்னைவிட இரண்டு வயது இளையவளைத்தான் அவள் இருபது வருடமாக அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை. அவள் புருசன் நேசரட்ணம் சொன்னது. எண்பத்தாறில் அகதியாக வந்து இறங்கியபோது பொலிசில் விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் சாவகச்சேரிக்காரர், நேசரட்ணத்தின் மாமனை அறிந்தவர். மனைவி பிறந்த வருடம் என்ன என்று கேட்டபோது நேசரட்ணத்தின் நாக்கு ஒரு கணம் நின்றது. மனைவி தன்னைவிட நான்கு வயது மூத்தவள் என்று அந்த மனிதனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஊரில் காதலித்துக் கூட்டிக்கொண்டு ஓடியவன்தான். ஓடுவதற்கு இருந்த துணிவு, வருடத்தைச் சொல்வதற்கு இருக்கவில்லை. ஐம்பத்துநான்கு கார்த்திகையில் பிறந்தவளை, அறுபத்தொன்று வைகாசி இருபத்துநாலு என்று சொன்னான். அவள் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். கேட்டாள். கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முப்பத்தொரு வயதுக்காரி ஒரு நொடியில் இருபத்தைந்து ஆவது யாருக்குக் கசக்கும்?

டென்மார்க் அரசாங்கம் ஆளின் முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிடும். அந்த நம்பரின் முதல் ஆறு எண்களும் பிறந்த நாள். பொலிசில் சொன்ன பொய் அப்படியே நம்பராகி, அடையாள அட்டையாகி, சம்பளத் துண்டாகி, கடைசியில் அவளாகவே ஆகிவிட்டது.

அன்று பின்னேரம் நேசரட்ணம் பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிடக் குந்தியபோது தவமணி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, விக்ரோரியாவுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கு. அம்பது தாண்டின பொம்பிளையளுக்கெல்லாம் நெஞ்சைப் படம் எடுக்கினமாம். எனக்குத்தான் வராது. என்ரை நம்பரை மாத்த ஏலாதோ?"

"விசரோ உனக்கு? பொலிசுக்குப் பொய் சொன்னனாங்கள் எண்டு நாங்களே போய்ச் சொல்லுறதோ? பாஸ்போட்டைப் பறிச்சால் எங்கை போறது?"

"சும்மா கேட்டுத்தான் பார்ப்பமே."

"வாற மாசம் என்னைச் சபையிலை மூப்பராக்கப் போகினம். இந்த நேரத்திலை வயசுக் கதை எடுக்காதை" என்றான்.

முதல் சொன்னது பயம். பிறகு சொன்ன தேவாலயப் பதவிதான் காரணம். தவமணிக்கு அது விளங்கியது. ஆனாலும் விட்டுவிட்டாள். தேவையென்றால் அவர்களே கூப்பிட்டிருப்பார்கள்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எத்தனையோ பேர் இப்படித்தான் தேற்றிக்கொள்கிறார்கள்.

விக்ரோரியா வெட்கத்தில் போகாமல் விடப் பார்த்தாள். தவமணிதான் பிடித்துத் தள்ளினாள். "எனக்கு வந்திருந்தால் நான் ஓடிப்போயிருப்பன்" என்றாள். விக்ரோரியா போனாள். இரண்டு கிழமையில் திரும்பவும் கூப்பிட்டார்கள். கடுகளவு ஒன்று. கையால் தடவினால் தெரியவே தெரியாது. அதை வெட்டி எடுத்து, கொஞ்ச நாள் கதிர்வீச்சுப் பிடித்து அனுப்பினார்கள். கோடை முடிய முன்னம் அவள் பழையபடி மீன் வெட்ட வந்துவிட்டாள். கன்ரீனில் அவளே தன் சட்டைக்கு மேலால் கையை வைத்து, எங்கே எப்படித் தடவிப் பார்ப்பது என்று எல்லாருக்கும் காட்டினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். கிளிநொச்சி விழுந்து சில நாள்தான். குளிக்கும்போது தவமணியின் விரலில் இடது பக்கம் ஒரு புளியங்கொட்டை தட்டுப்பட்டது. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. நோகவும் இல்லை. நோகாததால் அவள் இன்னும் பயந்தாள்.

நேசரட்ணம் அப்போது வீட்டில் இருந்தாலும் வீட்டில் இல்லை. ஒரு காதில் போன், கண் தொலைக்காட்சியில். அவனுடைய தங்கையும் இரண்டு பிள்ளைகளும் புதுக்குடியிருப்புப் பக்கம் அகப்பட்டிருந்தார்கள். கொப்பன்ஹேகனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் என்றால் எஸ்பியர்க்கிலிருந்து பஸ் ஓட்டிப் போவது அவன். அவன் நல்லவன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊருக்கு நல்லவன்தான்.

"டொக்டருக்கு ஒருக்கா அடிச்சு நேரம் எடுத்துத் தாங்கோ. நெஞ்சிலை ஒரு கட்டி கிடக்கு" என்றாள் தவமணி. வைத்தியரிடம் நேரம் எடுப்பதானால் காலை எட்டு மணிக்குப் போன் எடுத்து டேனிஷில் கதைக்கவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் டேனிஷ் கதைக்கிற வாய் அவனுடையது. அவளுக்குக் கடையில் கேட்குமளவும் பக்டரியில் தலையாட்டுமளவும்தான் தெரியும்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனம் பங்கருக்குள்ளை கிடந்து சாகுது. உனக்கு ஒரு கட்டி பெரிசாப் போச்சோ?"

அங்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மாரைத் திரையில் பார்த்தபடி தன் நெஞ்சைப் பற்றிக் கதைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. பங்குனியில் இன்னொருதரம் கேட்டாள். புளியங்கொட்டை இப்போது பெருத்து ஒரு தேசிக்காய் ஆகியிருந்தது.

"சண்டை முடியட்டும், பார்ப்பம்" என்றான்.

சண்டைக்கும் தன் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

சித்திரைக் கடைசியில் விக்ரோரியாதான் உடை மாற்றும் அறையில் கண்டுபிடித்தாள். தவமணி சட்டை மாற்றும்போது இடது பக்கத் தோல் உள்ளுக்கு இழுத்துக் குழிந்திருந்தது. விக்ரோரியா கத்தவில்லை. அடுத்தநாள் காலை எட்டு மணிக்குத் தானே போன் எடுத்தாள், தானே கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் தொட்டுப் பார்த்தார். பிறகு கதை குறைந்துவிட்டது அவருக்கு. ஆஸ்பத்திரிக்கு எழுதினார். ஊசி குத்தினார்கள், படம் எடுத்தார்கள். வைகாசி பதின்மூன்றாம் திகதி முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். தவமணி புருசனுக்குச் சொல்லாமல், ஓடென்சயில் படிக்கிற மகள் எப்சிபாவை வரச் சொன்னாள்.

பெண் வைத்தியர். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். எப்சிபா தன் அக்குளைத் தொட்டுக் காட்டித் தமிழில் சொன்னாள்.

"அம்மா, கான்சராம். கமக்கட்டுக்குள்ளையும் போட்டுதாம். இருபத்தாறாம் திகதி ஒபரேசன். பிறகு மருந்து ஏத்துறது. கடுமையா முயற்சிப்பினமாம்."

"தப்புவனோ எண்டு கேள்."

எப்சிபா கேட்டாள். வைத்தியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தர்ப்பம் இருக்கிறது என்றாள். பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னாள்: நாற்பத்தேழு வயதுதானே, பரிசோதனைக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது, இது ஒருவருடைய பிழையும் இல்லை.

தவமணி நிமிர்ந்தாள். "அம்பத்துநாலு வயதெண்டால்?"

"என்னம்மா?"

"கேளடி. எனக்கு அம்பத்துநாலு வயதெண்டால் என்ன நடந்திருக்கும் எண்டு கேள்."

வைத்தியர் கடதாசியைப் பார்த்தாள், தவமணியைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியிருந்தால் போன வருடம் மாசியிலேயே கூப்பிட்டிருப்பார்கள், அப்போது இது பெரும்பாலும் சின்னதாக இருந்திருக்கும் என்றாள். பிறகு இன்னும் ஒன்று சொன்னாள். கடதாசியில் இருக்கிற வயது பிழையென்றால் உங்கள் வைத்தியரிடம் உண்மையான வயதைச் சொன்னாலே போதும், அவர் படம் எடுக்க அனுப்பியிருப்பார். வைத்தியர்கள் நோயாளி சொன்னதை வெளியில் சொல்வதும் இல்லை.

எப்சிபா அதை மொழிபெயர்த்துவிட்டு, வாய் திறந்தபடி இருந்தாள். தாயின் வயதை அன்றைக்குத்தான் அறிந்தாள்.

"ஒரு வசனம்" என்றாள் தவமணி. "ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும்."

பாஸ்போட்டைப் பறிக்கவும் யாரும் வரப்போவதில்லை. நம்பரை மாற்றத் தேவையும் இல்லை. ஒரு வசனம். அதைச் சொல்லத் தெரிந்த வாய் ஒரு வருடமாக மூடிக்கிடந்தது. கான்சர் என்ற சொல் தராத சூட்டை அந்த எண்ணம் தந்தது. நடைபாதையில் வரும்போது அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

"அப்பாட்டை நான் சொல்லுறன்" என்றாள் மகள்.

"நீ ஒண்டும் சொல்லப்படாது. நான் சொல்லுவன். எனக்கு எப்ப, எங்கை சொல்லவேணும் எண்டு தெரியும்."

வீட்டில் அவனிடம், கட்டியை எடுக்கவேணுமாம் என்று மட்டும் சொன்னாள். "ஓம், எடுக்கட்டும்" என்றான் அவன், திரையைப் பார்த்தபடி.

ஐந்து நாளில் சண்டை முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை எஸ்பியர்க்கில் ஒரு தமிழ் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நேசரட்ணம் தரையில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதான். தங்கையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. தவமணி பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோளில் கையை வைக்க மனம் வந்தது. பிறகு வரவில்லை.

அவர்களுடைய பெந்தெகொஸ்தே சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. டேனிஷ் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது பாதியில் ஒரு ஞாயிறு, அந்த மாதம் பிறந்தவர்களை முன்னுக்குக் கூப்பிடுவார்கள். மூப்பர் பெயரையும் வயதையும் வாசிப்பார். பிறந்தநாள்காரர் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை சாட்சி சொல்வார்கள். பாட்டுப் பாடி, தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். வருடா வருடம் வைகாசியில் தவமணியும் முன்னுக்குப் போய் நின்று, தான் பிறக்காத நாளுக்கு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தவள்தான். அந்த வருடம் அந்த ஞாயிறு சரியாக இருபத்துநாலாம் திகதி விழுந்தது. ஒபரேசனுக்கு இரண்டு நாள் முன்னம்.

அன்று மண்டபம் நிறைந்து வாசல்வரை சனம். இறந்தவர்களுக்காக ஜெபம் என்று சொன்னதால் சைவக்காரரும் வந்திருந்தார்கள். பிறந்தநாளை விட்டுவிடுவோம் என்று போதகர் யோசித்தார். தவமணிதான் ஆள் விட்டு, தனக்குச் சாட்சி சொல்லக் கிடக்கு என்று கேட்டு வாங்கினாள்.

"இண்டைக்கு வேண்டாமடி. சனம் செத்த வீட்டிலை நிக்கிற மாதிரி நிக்குது" என்றாள் விக்ரோரியா.

"எல்லாரும் வந்து நிக்கிற நாள் எனக்கு வேறை கிடைக்காது" என்றாள் தவமணி.

ஜெபம் முடிந்தது. நேசரட்ணம் கறுப்புக் கோட்டுடன் மேசைக்கு முன்னால் வந்து கடதாசியை விரித்தான். குரல் அழுது கட்டியிருந்தது. "இந்த மாதம் ஒருவர் மட்டும். சகோதரி தவமணி நேசரட்ணம். வயது நாற்பத்தெட்டு."

தவமணி எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"ஸ்தோத்திரம். இப்ப மூப்பர் வாசிச்சது பொய்" என்றாள்.

யாரோ இருமினார்கள்.

"இண்டைக்கு நான் பிறந்த நாளுமில்லை. எனக்கு நாப்பத்தெட்டுமில்லை. மூப்பருக்குப் பெண்சாதி தன்னைவிட மூத்தவள் எண்டு சொல்ல வெட்கம். அதாலை எண்பத்தாறிலை பொலிசிலை ஆறரை வயசைக் குறைச்சவர். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான், அது என்ரை பிழை. போன வருசம் எங்கடை பொம்பிளையளுக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து கடிதம் வந்தது. எனக்கு வரேல்லை. என்ரை நம்பரை மாத்துவம் எண்டு கேட்டன். சபையிலை மூப்பராக வேணுமாம். கட்டி வந்தது, சொன்னன். சண்டை முடியட்டும் எண்டார். முடிஞ்சுது."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கான்சர். கமக்கட்டுக்குள்ளையும் போட்டுது. நாளையிண்டைக்கு வெட்டுகினம்."

நேசரட்ணம் அதை அந்த நிமிடம்தான் அறிந்தான். முகத்தில் இருந்த இரத்தம் இறங்குவதை முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். மேசை விளிம்பைப் பிடித்தான். தவமணி அந்த முகத்தை வடிவாகப் பார்த்தாள். பதினொரு நாள் இதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. சபையில் நின்றுகொண்டு அப்படி இருக்கக் கூடாது, ஆனால் இருந்தது.

மைக்கை அவன் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்கோ. எனக்கு எத்தினை வயசு?"

"தவமணி..." என்றான் மெதுவாக.

"பேர் தெரியும். வயசைச் சொல்லுங்கோ."

போதகர் எழும்பப் பார்த்தார். விக்ரோரியா அவரைப் பார்த்த பார்வையில் திரும்பக் குந்திவிட்டார்.

"அம்பத்துநாலு" என்றான் நேசரட்ணம்.

"உங்களுக்கு?"

"அம்பது."

"ஆர் மூப்பு?"

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் நேசரட்ணத்தின் தலையைக் குனிய வைத்தது. "நீதான்" என்றான். இருபத்துமூன்று வருடம் மறைத்தது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கூரை இடிந்து விழவில்லை.

அப்போது நடு வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "எனக்குக் கடதாசியிலை நாப்பத்தஞ்சு. என்னை வெளிநாடு அனுப்பின ஏஜென்சி தந்த பாஸ்போட் என்ரை தங்கச்சியின்ரை வயசிலை. மெய்யாய் அம்பத்தஞ்சு" என்றாள். சுவரோரம் இன்னொருத்தி எழுந்தாள். மூன்றாவது ஒருத்தியைப் புருசன் சேலையில் பிடித்து இழுத்து இருத்தினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் நேசரட்ணம் சொன்னான், "என்னட்டைத் தனியாச் சொல்லியிருக்கலாம்."

"தனியாச் சொன்னனான். மூண்டு தரம்."

ஒபரேசன் நடந்தது. ஒரு பக்கம் முழுவதையும் எடுத்தார்கள். ஆனி மாதம் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சபையில் நேசரட்ணம் மூப்பர் வேலையைத் தானாகவே விட்டான். விட்டிராவிட்டால் விடச் சொல்லியிருப்பார்கள். அந்த மாதம் வவுனியா முகாமிலிருந்து தங்கை கதைத்தாள். அவளும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அவன் போனை வைத்துவிட்டு விம்மினான். தவமணி, தலைமயிர் கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளில், எழும்பிப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் அவள் காலடியில் குந்தினான்.

"நான் என்ன செய்ய? சொல்லு. என்னெண்டாலும் செய்யிறன்."

அவள் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே யோசித்து வைத்திருந்தாள்.

"எஸ்பியர்க்கிலையும் சுத்துவட்டாரத்திலையும் எங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் வீடு இருபத்தேழு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீட்டை போகவேணும். சபை வீடு, சைவ வீடு எல்லாம். மண்டபத்திலை நான் சொன்னதை நீங்கள் உங்கடை வாயாலை சொல்லவேணும். பொம்பிளையளுக்கு முன்னாலை. நான் பக்கத்திலை இருப்பன்."

"அது என்னைக் கொல்லுறது."

"ஓம். கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் தவமணி.

இரண்டு சனிக்கு ஒரு சனி அவளுக்குப் படுத்த படுக்கை. மருந்து அப்படி. படுக்கையாக இருந்த சனிகளை அவள் தள்ளிப்போட விடவில்லை. விக்ரோரியாவைக் கூட அனுப்பி, ஒன்றும் விடாமல் சொன்னானா என்று பிறகு விசாரித்தாள். முதல் வீட்டில் அவன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். அதே வீட்டுக்கு அடுத்த சனி திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். ஆம்பிளைகள் சிலர் அவனைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் மாறினார்கள். வெட்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஆனால் அந்தக் கோடையில் ஒன்பது பெண்கள் தங்கள் வைத்தியரிடம் போய் உண்மையான வயதைச் சொன்னார்கள். கடிதம் வந்தும் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்த நாலு பேர் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கு ஏதோ இருந்தது. சின்னதாகவே இருந்தது.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து ஊரான கிறின்ஸ்ரெட்டில் சபாரத்தினம் வீடு. சபாரத்தினம் சைவக்காரர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். மனைவி சரோஜினிதேவி தட்டில் வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"இரும் பிள்ளை. இது உமக்குத்தான்" என்றாள் தவமணி. தலையில் துணி கட்டியிருந்தாள். முகம் பாதியாய்ப் போயிருந்தது. கண் மட்டும் போகவில்லை.

நேசரட்ணம் தொடங்கினான். பதினாறாவது வீடு. இப்போது நாக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. பொலிஸ் விசாரணையைச் சொன்னான். கடிதம் வராததைச் சொன்னான். கட்டியைச் சொன்னான். சண்டை முடியட்டும் என்று சொன்னதைச் சொன்னான். அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் குரல் உடையும். இங்கேயும் உடைந்தது.

"ஏன் வயசைக் குறைச்சனான் எண்டால், அந்தக் காலத்திலை ஏதோ ஒரு பயத்திலை..."

"பயமில்லை" என்றாள் தவமணி. "அதையும் சொல்லுங்கோ."

நேசரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். "இவ என்னைவிட நாலு வயசு மூப்பு. அது எனக்கு வெட்கமாக் கிடந்தது."

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "அது அந்தக் காலத்திலை எல்லாரும் செய்ததுதானே அண்ணை. இதைப்போய் வீடு வீடாச் சொல்லிக்கொண்டு..."

நேசரட்ணம் நிமிர்ந்தான். இந்தத் தரம் தவமணி பார்க்கவேண்டி இருக்கவில்லை.

"எல்லாரும் செய்ததாலைதான் சொல்லுறன் தம்பி. இஞ்சை கடிதம் வந்தால் போகவேணும், ஆம்பிளையள் தடுக்கப்படாது. வராட்டி ஏன் வரேல்லை எண்டு கேட்கவேணும். கடதாசியிலை வயசு பிழையெண்டால் டொக்டரிட்டை மெய்யான வயசைச் சொல்லவேணும். அவன் ஒருத்தருக்கும் சொல்லான். கையிலை ஏதும் தட்டுப்பட்டால் வயசையும் பார்க்கப்படாது, கடிதத்தையும் பார்க்கப்படாது, அடுத்தநாளே போகவேணும். பொம்பிளையளும் போன் எடுத்து நாலு வசனம் டேனிஷ் கதைக்கப் பழகவேணும், எங்கடை வாயை நம்பி இருக்கப்படாது. என்ரை மரியாதையைக் காப்பாத்த நான் இவவின்ரை ஒரு நெஞ்சைக் குடுத்தனான். மிச்சமும் தப்புமோ தெரியாது. உங்கடை மரியாதைக்கு எவ்வளவு குடுக்கப் போறியள்?"

சபாரத்தினம் வடைத் தட்டைத் தவமணி பக்கம் நகர்த்தினார். மனைவியைப் பார்க்கவில்லை. சரோஜினிதேவி கதவை விட்டு வந்து தவமணிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"கடதாசியிலை எனக்கு நாப்பத்தாறு அக்கா" என்றாள் மெல்ல. "மெய்யாய் அம்பத்திரண்டு."

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு டொக்டருக்கு அடியும். நீரே அடியும்."

"ஓம் அக்கா." பிறகு நேசரட்ணத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணையை மன்னிச்சிட்டியளோ?"

தவமணி வடையில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மருந்துக்குப் பிறகு வாய்க்கு உருசை தெரிவதில்லை. இருந்தும் மென்றாள்.

"இன்னும் பதினொரு வீடு கிடக்கு" என்றாள்.